முப்பத்தொரு நாய்களும் ஒரு தனிக்கூண்டும்

மார்த்தாண்டத்தில் புதிதாக நாய்கள் காப்பகம் திறக்கப்போகிற இளைஞர்கள் நான்கு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். திறப்பு விழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்றார்கள். வாசிப்பவர்களுக்கு ஓர் உற்சாகம் வரவேண்டும், நாலு பேர் நாய் வளர்க்க முன்வர வேண்டும், அப்படி எழுதுங்கள் என்று அவர்களில் ஒரு பெண் கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். மூன்று முறை எழுதத் தொடங்கி மூன்று முறையும் கிழித்துவிட்டேன். உற்சாகமான சம்பவங்கள் என்னிடம் இல்லாமல் இல்லை. காலொடிந்து வந்து நாலு காலில் ஓடிப் போனவை, கண் திறக்கும் முன்னே வந்து பிறகு வீட்டுக் காவலுக்குப் போனவை என்று பதினேழு வரை எண்ணினேன். அந்தப் பதினேழை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு நான் செய்வது துரோகம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டின் கழுத்தை எப்படிப் பிடிப்பது, ஆட்டுக்கு எப்படி மருந்து புகட்டுவது, கோழிக்கு எங்கே குத்துவது என்று கற்றுத் தந்தார்கள். நாய்க்கு இரண்டு வகுப்பு. அதில் ஒன்றுக்கு ஆசிரியர் வரவில்லை. நாயைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கடைசி மூன்று வருடம் குழித்துறைப் பக்கம் வேலை பார்த்தபோது டாக்டர் ரோசலினிடம் கற்றது. பிறகு அவர் நடத்திய காப்பகத்தில் மேலாளராக இருந்தபோதும் கற்றது அவரிடம்தான்.

டாக்டரம்மா மெல்லிய குரலில் பேசுவார். ஒரு நாயைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. நாயைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கை ஈரத்தைத் துடைக்க மாட்டார், உதறிக்கொண்டே நடப்பார். எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. உங்கள் பசு பிழைக்காது என்று சொல்ல வேண்டியிருந்தால், பசுக்காரர் காளை வாங்க வந்தவர்போல அமைதியாக நிற்கும்படி அதைச் சொல்லிவிடுவார்.

சுனாமி வந்த சமயம் எனக்குப் பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்புகளில் அலைந்துகொண்டிருந்த நாய்களைப் பற்றிச் சொல்லக் கூசும் வதந்திகள் பரவின. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. வண்டியோடு போனோம். ஒரு வீட்டில் சுவர் எதுவும் மிச்சமில்லை, சிமெண்டுத் தளம் மட்டும் இருந்தது. அந்தத் தளத்தின் நடுவில், உள்ளறை இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புப் பெட்டை நாய் படுத்திருந்தது. நான் சுருக்குக் கயிற்றை எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவன் எழுந்து வந்தான்.

“அது எனக்க வீடாக்கும் சாரே. அதுல கெடக்கது எனக்க பட்டியாக்கும். செவரு போச்சுண்ணா தெருப்பட்டி ஆயிருமா?” என்றான்.

நாயை அங்கெல்லாம் பட்டி என்றுதான் சொல்வார்கள். கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டேன். அவன் பெயர் சிலுவைதாசன். அம்மாவை அலை கொண்டுபோயிருந்தது. நாங்கள் மறுபடி போனபோது அவனைத் தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. நாயோ கொட்டகைக்கு வரச் சம்மதிக்காமல் அந்தத் தளத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏற்ற மறுத்ததால் பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் மீன்வண்டியிலுமாகக் குழித்துறைக்கு வந்து டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தான். கறுப்பி என்று பெயர் சொன்னான்.

டாக்டரம்மா அதற்கு முன்பே ஓய்வு பெற்று, ஆற்றை ஒட்டியிருந்த தம் ரப்பர் தோட்டத்தில் ஒரு மூலையைக் கம்பிவேலி போட்டு ஒதுக்கிக் காப்பகம் ஆரம்பித்திருந்தார். நாயைச் சேர்க்க வந்த தாசனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் இருந்துவிட்டான். ஓய்வு பெற்ற மறுவாரம் நானும் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் இருந்தால் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன், அங்கே போய் நாயை எண்ணட்டும் என்று என் மனைவி சந்தோஷமாக அனுப்பிவைத்தாள்.

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, பாலத்தைத் தாண்டி அக்கரையில் கொண்டு விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் மணத்தை அறுத்துவிடும், நாய் திரும்ப வராது என்பது நம்பிக்கை. இக்கரைக்காரர்கள் அக்கரையில் விட்டார்கள், அக்கரைக்காரர்கள் இக்கரையில் விட்டார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டு கரையிலும் நாய்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. காப்பகம் வந்த பிறகு சாக்குகளை எங்கள் வேலிக்கு மேலே எறிய ஆரம்பித்தார்கள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர்களை டாக்டரம்மா திட்ட மாட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு தட்டில் சோறு போட்டு அவர்கள் கையில் கொடுப்பார். “ஒரு நேரச் சோறு உங்க கையால குடுத்துட்டு, அதுக்க பேரையும் சொல்லிட்டுப் போங்க. எங்களுக்குக் கூப்பிடணும்லா” என்பார். சாப்பிடும் நாயின் முன்னால் அந்த மனிதர்கள் குந்தியிருப்பதை நான் எவ்வளவோ முறை பார்த்திருக்கிறேன். சிலர் எழுந்து, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாயோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் புது வீடு கட்டியவர்கள் விலைகொடுத்து வாங்கிய பெரிய நாய்களும் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட் வழியாகச் சோறு எறிவார். அப்படி வந்த ஒரு நாய்க்குக் குட்டியில் கட்டிய கழுத்துப்பட்டையை யாரும் மாற்றவே இல்லை. தோல் அதன்மேல் வளர்ந்து மூடியிருந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதை மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

உள்ளே வருகிற எந்த நாயும் முதலில் முன்கட்டுக் கூண்டில் தனியாக இருக்கும். காயம் பார்த்து, பூச்சி மருந்து கொடுத்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, டாக்டரம்மா சரி என்ற பிறகே பின்னால் உள்ள பொது முற்றத்துக்குப் போகும். கடிபட்டு வந்த நாய்க்கு ஒரு ஊசி போதாது, வரிசையாக ஐந்து போட வேண்டும். இந்த விதியில் ஒருமுறைகூட நாங்கள் தவறவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. பகலில் மூன்று தவணை போகும், இரவில் எத்தனை தவணை என்று சொல்ல முடியாது. தடுப்பூசிக் குப்பிகள் எங்கள் பழைய பிரிட்ஜில் இருந்தன. வெயிலில் வைத்தால் மருந்து தண்ணீருக்குச் சமம் என்று டாக்டரம்மா அடிக்கடி சொல்வார். ஜெனரேட்டர் கேட்டு நான் ஏறாத படி இல்லை. பிறந்தநாள் என்று சொல்லி அண்டா அண்டாவாகப் பிரியாணி எலும்பு கொண்டுவருகிறவர்கள் உண்டு. வெந்த எலும்பு நாயின் குடலைக் கிழிக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் ஜெனரேட்டர் பேச்சை எடுத்தால் அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

வழி சொன்னது தாசன். “டாக்டரம்மா, ஐசுக்குப் பஞ்சமா நம்ம ஊர்ல? நான் கொண்டு வாறேன்” என்றான். குளச்சலில் ஐஸ் கம்பெனியில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு பாளம் ஐஸை நொறுக்கிச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவருவான். பஸ் முழுக்கச் சொட்டுகிறது என்று கண்டக்டர் கத்துவார். கண்டக்டரிடம், இது மீனுக்கு இல்லை, மருந்துக்கு என்று இவன் ஏதோ கலெக்டர் அனுப்பியவன்போலப் பதில் சொல்வானாம். மீன்பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து அவனே ஐஸை அடுக்கி, நடுவில் குப்பிகள் இருந்த தகர டப்பாவை வைத்து மூடுவான். அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும், ஊசி போடும்போது தவிர யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிரிட்ஜில் இருந்த தெர்மாமீட்டரை நான் தினமும் பார்த்தேன். மருந்து பெட்டியில் இருந்தது. தெர்மாமீட்டர் பிரிட்ஜில் இருந்தது. மாலையில் பெட்டியைத் தொட்டால் கல்லாகச் சில்லிட்டிருக்கும். மூன்று பேருக்கும் அதில் ஒரு நிம்மதி.

மணியன் என்ற செவலை நாய் மார்த்தாண்டம் சந்தையிலிருந்து கழுத்தில் கடிகாயத்தோடு வந்தது. விதிப்படி தனிக்கூண்டு, விதிப்படி ஐந்து ஊசி. காயம் ஆறி, முற்றத்துக்கு மாற்றி, மற்ற நாய்களோடு சேர்ந்து ஓடித் திரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை எண்ணுவது என் வழக்கம். ஒரு நாள் முப்பத்திரண்டு தட்டு வைத்து முப்பத்தொன்று காலியாயிற்று. மறுநாளும் அப்படியே. மணியன் தட்டின் முன்னால் நின்றது, மூக்கை வைத்தது, விழுங்க முடியவில்லை. அன்று மாலை அதன் குரைப்பு மாறியிருந்தது. குரைப்பாகத் தொடங்கி ஊளையாக முடியும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தாசன் சுருக்குக் கயிற்றைப் போட்டு இழுத்துவருவதற்குள் அது முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்திருந்தது. மூன்றாம் நாள் செத்தது. தலையைச் சென்னைக்கு அனுப்பினோம். வெறிநோய் என்று உறுதியாயிற்று.

நாங்கள் மூவரும் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டோம். டாக்டரம்மாவின் கவலை அது இல்லை. ஐந்து ஊசி போட்ட நாய்க்கு எப்படி வந்தது என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கால்நடை மருத்துவமனையிலிருந்து புதுக் குப்பி ஒன்று வாங்கி வரச் சொன்னார். எங்கள் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, ஜன்னல் திண்டில் கறுப்புக் குடைத் துணியை விரித்து அதன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் நின்றேன். அரைமணி நேரத்தில் எங்கள் குப்பியில் வெண்மையெல்லாம் துகள் துகளாக அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. புதுக் குப்பி மோர்போல அப்படியே இருந்தது.

“உறைஞ்சு உருகியிருக்கு தாணு சார்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஐஸில் வைத்ததெல்லாம் உறைந்துவிடுமா? ஐஸ் உருகும் பதத்தில் இந்த மருந்து உறையாது என்று அவருக்கும் தெரியும். தாசனைக் கூப்பிட்டார். பெட்டியை எப்படிக் கட்டுவாய், என் கண்முன் கட்டிக் காட்டு என்றார். தன் வேலையைப் பார்க்கக் கேட்கிறார் என்று அவனுக்குச் சந்தோஷம். சாக்கை விரித்தான். ஒரு வரிசை ஐஸ் போட்டான். இடுப்பு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கைப்பிடி கல்லுப்பைச் சீராகத் தூவினான். அதன்மேல் ஐஸ், மறுபடி உப்பு, நடுவில் டப்பா.

“எனக்க அப்பன் படிப்பிச்சதாக்கும். ஆழக்கடலுக்குப் போம்ப இப்பிடித்தான் அடுக்குவோம். மூணு நாளு கெடந்தாலும் மீனுக்க கண்ணு மங்காது. வெறும் ஐசு மத்தியானத்துக்குள்ள தண்ணியாப் போவும்லா” என்றான்.

உப்புச் சேர்ந்த ஐஸ், தண்ணீர் உறையும் அளவைத் தாண்டிக் கீழே போகும். பள்ளிக்கூடத்தில் நானும் படித்தேன், டாக்டரம்மாவும் படித்தார். அவர் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திறந்தபோது பாதரசம் பூஜ்யத்துக்கு வெகு கீழே கிடந்தது. உறைந்து உருகிய மருந்தும் தண்ணீருக்குச் சமம்தான். எங்கள் பயமெல்லாம் வெயிலைப் பற்றித்தான் இருந்தது. எங்கள் ஊரில் குளிர்ந்து கெட்ட பொருள் ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

இதைத் தாசனிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். டாக்டரம்மா அவனை உட்காரச் சொல்லி, இரண்டு குப்பிகளையும் அவன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அவன் குப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உப்பு போட்டது நானாக்கும் டாக்டரம்மா” என்றான்.

“பெட்டிக்குள்ள தெர்மாமீட்டர் வைக்காதது நான்” என்றார் அவர்.

அதற்குள் ஊருக்குச் செய்தி போயிருந்தது. வேலியை ஒட்டித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் பாதை. பஞ்சாயத்துக்காரர்களும் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவரும் வந்து முற்றத்துக்கு வெளியே நின்றார்கள். பின்னால் ஐம்பது அறுபது பேர். முற்றத்தில் இருந்தவை முப்பத்தொரு நாய்கள், எல்லாமே மணியனோடு புழங்கியவை. அவற்றில் இருபத்தொன்று பெட்டி மருந்து மட்டுமே போட்டவை. மீதிப் பத்து, மின்வெட்டுக்கு முன்பே பிரிட்ஜ் மருந்து போட்டுக்கொண்ட பழைய நாய்கள். கறுப்பி அதில் ஒன்று. இந்தப் பத்துக்கும் புது ஊசி போட்டுத் தனியாக வைத்துப் பார்க்க அவகாசம் தாருங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இருபத்தொன்றை அவர் கேட்கவே இல்லை. கேட்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

வெறிநோயைப் பேய் என்றே சொல்லிப் பழகிய ஒரு பெரியவர் கூட்டத்தில் நின்று சொன்னார்: “டாக்டரம்மா, ஊசி போட்ட பட்டிக்குத்தானே பேய் பிடிச்சுது? பெறவு ஊசிக்க கதைய எங்ககிட்ட சொல்லாதீங்கோ.”

வீடு வீடாகப் போய் ஊசியை நம்பச் சொன்னவர் டாக்டரம்மா. நீங்கள் செய்யாவிட்டால் சோற்றில் விஷம் வைப்போம், இல்லாவிட்டால் தடி இருக்கிறது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். மற்றக் காப்பகங்கள் மூன்றுக்கு நான் போன் செய்தேன். வெறிநாயோடு புழங்கியதை எடுக்க மாட்டோம் என்றார்கள். எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

கடைசியில் சுகாதாரத் துறைக்காரர் ஒன்றுக்கு இறங்கி வந்தார். ஆளும் நாயும் ஒருவரையொருவர் தொடாமல் சோறு தள்ளக்கூடிய இரட்டைக் கதவுக் கூண்டு இருந்தால், அதில் வைத்து ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். அப்படிப்பட்ட கூண்டு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. ஒரு கூண்டுக்கு ஒரு நாய். இன்னும் ஒன்பது கூண்டு செய்ய ஆள் பிடித்து, கம்பி வாங்கி, பற்றவைத்து முடிக்க அவகாசம் தருவதற்கு யாரும் தயாராக இல்லை.

பத்தில் எது என்பது கேள்வி. எனக்கு ஒரு யோசனை இருந்தது, சொன்னேன். சிப்பாய் என்று ஒரு தவிட்டு நிற நாய், வயது குறைவு, உடம்பில் கடி எதுவும் தெரியவில்லை, அதைக் கொண்டுபோகக் குழித்துறையில் ஒரு குடும்பம் முன்பே சம்மதித்திருந்தது. கறுப்பிக்கு வயதாகிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தால் அதிகம். நியாயம் பார்த்தால் சிப்பாய்தான். டாக்டரம்மா கையை உதறிக்கொண்டே கேட்டார். பிறகு, “ஆறு மாசம் அதுக்குச் சோறு தள்ளப் போறது தாசன். அவன் சொல்லட்டும்” என்றார்.

தாசன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. எல்லாத் தட்டும் கழுவிக் கவிழ்த்த பிறகு, “கறுப்பி” என்றான்.

மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் சாளை மீன் போட்ட சோறு வைத்தோம். பிறகு ஒவ்வொன்றாக முன்கட்டு அறைக்குக் கொண்டுவந்தோம். டாக்டரம்மாவின் முறை இது: முதலில் தொடையில் ஒரு மயக்க ஊசி. நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி தலை தாழும்வரை காத்திருக்க வேண்டும். கூப்பிடும்போது காது அசைந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். தலை தாழ்ந்த பின் முன்னங்காலில் முழங்கைக்கு மேலே தாசன் பெருவிரலை அழுத்திப் பிடிப்பான். நரம்பு புடைக்கும். டாக்டரம்மா ஊசியை ஏற்றி, சிறிது இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வந்ததும், “பெருவிரல எடு தாசா” என்பார். அவன் எடுப்பான். மருந்து போகும். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நின்றதும் நின்றது என்று சொல்ல வேண்டும். மூன்று பேரின் வேலையும் அவ்வளவுதான்.

எட்டாவதோ ஒன்பதாவதோ நாய்க்குப் பிறகு, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், நீ வெளியே போ என்று டாக்டரம்மா அவனிடம் சொன்னார். “வேற ஆளு பிடிச்சா அதுவ பதறும் டாக்டரம்மா. எனக்க கைண்ணா நிக்கும்” என்றான். அது உண்மை. அவன் கை என்றால் எல்லாமே நின்றன. சிப்பாய் மயக்கம் ஏறும்வரை அவன் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. முப்பது தடவை டாக்டரம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னார், முப்பது தடவை அவன் பெருவிரலை எடுத்தான். யாரும் அழவில்லை. அழுதால் நரம்பு தவறும். ரப்பர் மரம் ஆறு வெட்டி, இயந்திரம் வைத்துத் தோண்டிய குழியில் சுண்ணாம்பு போட்டு மூடினோம். முன்கட்டில் தனியாக இருந்த நான்கு குட்டிகளுக்குப் புது மருந்து போட்டு, கொஞ்ச நாள் பார்த்து, தெரிந்த வீடுகளில் கொடுத்தோம். காப்பகத்தில் மிஞ்சியது கறுப்பி மட்டும்.

ஆறு மாதம் தாசன் இரண்டு நேரமும் சோறு தள்ளினான். கறுப்பி கம்பியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். தொடக்கூடாது என்பது விதி. கூண்டுக்கு எட்டடி தள்ளி அவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, முகத்தைக் கண்டால் கிட்டே வரணும் என்று அதற்குத் தோன்றும் என்றான். அந்த ஆறு மாதமும் அவனுடைய பேச்சு இந்த அளவில்தான் இருந்தது. நான் தினமும் காலையில் போய் அது சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, குரல் எப்படி என்று பார்ப்பேன். அதற்கு ஏதாவது வந்துவிடக் கூடாதே என்று முதலில் வேண்டிக்கொண்டேன். போகப் போக எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்பதே எனக்குக் குழம்பிப் போயிற்று.

அவகாசம் முடிந்தது. கறுப்பிக்கு ஒன்றும் இல்லை. ரோமம் பளபளத்தது, கூண்டில் கிடந்து கொஞ்சம் பெருத்தும் இருந்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துக் கதவைத் திறந்தார். கறுப்பி தாசனிடம் போகவில்லை. நேரே பொது முற்றத்துக்கு ஓடியது. ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியாக, ஒவ்வொரு படுக்கைச் சாக்காக மோந்து பார்த்துக்கொண்டு சுற்றியது. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தோம்.

“அப்பம் மத்ததும் இருந்திருக்கும்லா டாக்டரம்மா?” என்று தாசன் கேட்டான்.

“கறுப்பிக்குப் பழைய ஊசி உண்டு தாசா. நல்ல ஊசி.”

“பழைய ஊசி உள்ளது இன்னும் ஒம்பது உண்டும்லா.”

ஒரு நாய் பிழைத்ததை வைத்து மற்ற ஒன்பதும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மணியன் அதைக் கடிக்காமலே விட்டிருக்கலாம். இதையெல்லாம் டாக்டரம்மா அவனுக்கு விளக்கியிருக்கலாம், எதையும் விளக்குகிறவர்தான். அன்று அவர் குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவ ஆரம்பித்தார். நாயை அவர் மறுபடி தொடவே இல்லை, ஆனாலும் வெகுநேரம் கழுவினார்.

தாசன் அன்றே போய்விட்டான். கறுப்பியை அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான் என்று நான் கயிறு எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் அரசு கட்டிக்கொடுத்த வீடு அவனுக்கு வந்துவிட்டது, நாய் வளர்க்கத் தடையில்லை. அவன் கயிற்றை வாங்கவில்லை. “இத நீங்க வச்சுக்கிடுங்கோ டாக்டரம்மா. எனக்கு இதுக்க மொகத்தப் பாக்க முடியல்ல” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டினான். கறுப்பி பின்னாலேயே ஓடியது. அவன் வெளியிலிருந்து கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு நடந்தான். அந்த வருடத்தோடு காப்பகத்தை மூடினோம். கறுப்பி டாக்டரம்மா வீட்டிலேயே இருந்தது.

புதிய காப்பகத்தில் சூரிய ஒளியில் ஓடும் பிரிட்ஜ் இருக்கிறது என்று அந்த இளைஞர்கள் சொன்னார்கள். நல்லது. மருந்து எங்கே இருக்கிறதோ அங்கே தெர்மாமீட்டரும் இருக்கட்டும். இரட்டைக் கதவுக் கூண்டுகள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்றார்கள். போதாது என்றேன். பணம் கிடைத்ததும் பார்க்கலாம் என்றார்கள். உதவி செய்ய விரும்புகிறவர்கள் பிரியாணி கொண்டுவராமல் கூண்டு செய்து கொடுங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவும் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

தாசனை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். காப்பகம் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா சமயம், குழித்துறையில் பஸ் ஏற முடியாத நெரிசல். தோளில் ஒரு பையோடு நின்றிருந்தான். மெலிந்திருந்தான். மறுபடி கடலுக்குப் போவதாகச் சொன்னான். என் மனைவியை விசாரித்தான், டாக்டரம்மாவின் முட்டுவலியை விசாரித்தான். பஸ் வந்து ஆட்கள் நெருக்க ஆரம்பித்த பிறகுதான் அதைக் கேட்டான்.

“கறுப்பி இருக்கா சாரே?”

நல்ல செய்தி சொல்கிற அவசரத்தில் நான், “இருக்கு மக்கா, இப்பவும் ரெண்டு நேரம் சாப்பிடுது, ஓடுது” என்றேன்.

அவன் படியில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தான்.

“செத்துப்போச்சுண்ணு சொல்லியிருக்கலாம்லா சாரே” என்றான். பின்னால் நின்றவர்கள் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.